ஃபிரீசியா: பெயரும் பூர்விகமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கடலின் தென்கிழக்குக் கரையில் ஈராயிரம் ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் ஃபிரீசியா. பெயர் பழையது என்பதால் மக்களும் அவ்வளவு பழையவர்கள் என்று எண்ணிவிடுகிறோம். இந்தக் கடற்கரையில் அந்தக் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. கேள்விகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் எழுகின்றன.

ஃபிரீசியா இன்றைய வரைபடத்தில் எங்கே இருக்கிறது?

தனி நாடாக எங்கும் இல்லை. நெதர்லாந்தின் வடக்கிலிருந்து ஜெர்மனியின் கரை வழியாக டென்மார்க் எல்லைவரை சிதறிக் கிடக்கும் தாழ்நிலங்களுக்கு வழங்கும் பொதுப்பெயர் இது. நெதர்லாந்தில் லீவார்டனைத் தலைநகராகக் கொண்ட ஃபிரீஸ்லாந்து மாகாணம் இருக்கிறது. அதற்கு மேற்கே, வட ஹாலந்து மாகாணத்துக்குள், மேற்கு ஃபிரீஸ்லாந்து என்று ஒரு வட்டாரம். ஜெர்மனிக்குப் போனால் எம்டன், அவுரிஹ் நகரங்களைச் சுற்றிக் கிழக்கு ஃபிரீஸ்லாந்து. இன்னும் வடக்கே ஸில்ட், ஃபோர், அம்ரும் தீவுகளும் எதிர்க்கரையும் சேர்ந்த வட ஃபிரீஸ்லாந்து. இது போதாதென்று யேவர் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வெறுமனே ‘ஃபிரீஸ்லாந்து’ என்றே ஒரு ஜெர்மானிய மாவட்டமும் உண்டு. நடுவிலுள்ள குரோனிங்கன் மாகாணம் இடைக்காலத்தில் ஃபிரீசியப் பகுதியாகவே இருந்தது. இன்று அதன் பெயரில் அந்தச் சுவடே இல்லை.

பெயருக்குப் பொருள் என்ன?

உறுதியான விடை கிடையாது. ‘சுருள் முடி’ என்பது ஒரு விளக்கம். பழைய ஃபிரீசிய மொழியில் முடிச்சுருளைக் குறிக்கும் சொல்லும், பழைய ஆங்கிலத்தில் ‘சுருண்ட’ என்ற பொருள்படும் சொல்லும் இந்தப் பெயரோடு ஒலியில் ஒத்துப்போகின்றன. ‘சுதந்திரமானவர்கள்’ என்பது மற்றொன்று. ஊர்க்காரர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆனால் ஒலி மாற்ற விதிகள் இதற்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஜெர்மானிய மொழிகள் அந்தக் கரைக்கு வருமுன்பே வழங்கிய ஏதோ ஒரு பெயரின் எச்சமாக இருக்கலாம் என்போரும் உண்டு. என்னைக் கேட்டால், சுருள் முடிக் கதை மொழியியலுக்கு நெருக்கம், சுதந்திரக் கதை அரசியலுக்கு நெருக்கம்.

இந்தப் பெயரை முதலில் எழுதிவைத்தது யார்?

ரோமானியர்கள். கி.மு. 12-இல் துரூசஸ் என்ற படைத்தலைவர் ரைன் நதி வழியாகக் கப்பற்படையோடு வந்து ‘ஃபிரிசீ’ என்ற மக்களைப் பணியவைத்தார். கி.பி. 98 வாக்கில் எழுதிய டாசிட்டஸ் அவர்களைப் ‘பெரிய ஃபிரிசீ’, ‘சிறிய ஃபிரிசீ’ என்று வலிமையை வைத்து இரண்டாகப் பிரிக்கிறார். ரைன் நதிக்கு வடக்கே, பெரிய ஏரிகளைச் சுற்றி, கடல்வரை அவர்கள் பரவியிருந்ததாகச் சொல்கிறார்.

அவர் தரும் இரண்டு நிகழ்ச்சிகள் இந்த மக்களை நம் கண்முன் நிறுத்துகின்றன. முதலாவது வரிக் கலகம். துரூசஸ் அவர்களுக்கு விதித்த வரி, படையின் தேவைக்கு மாட்டுத் தோல். ஏழை நாடு என்பதால் தோலின் அளவை யாரும் கறாராகப் பார்க்கவில்லை. பிறகு அதிகாரியாக வந்த ஒலேனியஸ், காட்டெருதின் தோல்தான் அளவுகோல் என்று அறிவித்தார். வீட்டு மாடுகளோ சிறியவை. முதலில் மாடுகள் போயின, அடுத்து வயல்கள், கடைசியில் மனைவி மக்களும் அடிமைகளாகப் போனார்கள். கி.பி. 28-இல் வரி வசூலிக்க வந்த சிப்பாய்களைப் பிடித்துத் தூக்கிலேற்றினார்கள். ஒலேனியஸ் ஃப்ளேவும் கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். அடக்க வந்த படையில் 900 பேர் பதுஹேன்னா காட்டில் மாண்டார்கள். இன்னும் 400 பேர் ஒரு வீட்டில் சிக்கி, பகைவர் கையில் அகப்படுவோமோ என்ற அச்சத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி கி.பி. 58. ரோமானியப் படைக்கென்று ஒதுக்கிய வெற்று நிலத்தில் ஃபிரிசீ குடியேறிவிட்டார்கள். அதைக் கேட்டுப்பெற வெர்ரிட்டஸ், மலோரிக்ஸ் என்ற இரு தலைவர்கள் ரோம் நகருக்கே போனார்கள். நீரோவைக் காணக் காத்திருந்த நாட்களில் ரோமானியத் தளபதி பாம்ப்பே கட்டிய நாடக அரங்குக்குச் சென்றார்கள். செனட் உறுப்பினர்களின் வரிசையில் வெளிநாட்டு உடையில் சிலர் அமர்ந்திருப்பதைக் கண்டு யாரென்று விசாரித்தார்கள். வீரத்திலும் ரோமின் நட்பிலும் சிறந்த நாட்டுத் தூதர்களுக்கு அந்த மரியாதை என்று விடை வந்தது. “போரிலும் விசுவாசத்திலும் ஜெர்மானியரை விஞ்சியவர் யார்?” என்று சொல்லிவிட்டு நேரே போய் அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டம் ரசித்தது. நீரோ இருவருக்கும் ரோமானியக் குடியுரிமை தந்தார். நிலத்தை மட்டும் தரவில்லை.

மண்மேடுகளின் மேல் வாழ்ந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. கி.மு. 600 வாக்கிலிருந்தே உள்நாட்டு மணற்பாங்கிலிருந்து மக்கள் கடலோரச் சதுப்புக்கு இறங்கிவந்தார்கள். மேய்ச்சலுக்கு அது அருமையான நிலம். ஆனால் புயல் வீசினால் கடல் ஏறிவிடும், அப்போது கடல் அணையும் கிடையாது. அதனால் களிமண்ணையும் சாணத்தையும் குப்பையையும் தலைமுறை தலைமுறையாகக் கொட்டி மேடு கட்டி, அதன்மேல் வீடு கட்டினார்கள். ஃபிரீஸ்லாந்தில் அந்த மேட்டுக்கு டெர்ப் என்றும், குரோனிங்கனில் வீர்டே என்றும், ஜெர்மன் கரையில் வார்ஃப்ட் என்றும் பெயர்.

ரோமானிய எழுத்தாளர் பிளினி இந்தக் கரையை நேரில் பார்த்தவர். எம்ஸ் நதிக்குக் கிழக்கே வாழ்ந்த சௌக்கி மக்களைப் பற்றி எழுதும்போது, அது நிலமா கடலா என்றே தெரியவில்லை என்கிறார். நீர் ஏறினால் மாலுமிகள்போலவும் வற்றினால் கப்பல் உடைந்து தவிப்பவர்கள்போலவும் இருக்கிறார்களாம். மழைநீரைச் சேமித்துக் குடிக்கிறார்கள். சேற்றை அள்ளிக் காற்றில் உலர்த்தி எரிக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சேறு என்று அவர் இளக்காரமாகச் சொன்னது புல்கரி (பீட்), சதுப்பில் மக்கிய செடிகொடி, நல்ல எரிபொருள். இந்த மக்கள் ரோமுக்கு அடங்கினால் அதையும் அடிமைத்தனம் என்பார்களே என்று வியக்கிறார். பிளினியின் பரிதாபத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எசிங்க என்ற ஊரிலும், ஜெர்மனியில் ஃபெடர்சன் வீர்டேயிலும் அகழ்ந்தபோது, மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் ஒதுக்கிய நீண்ட வீடுகள் வரிசையாகக் கிடைத்தன. பஞ்சப்பட்டவர்களின் குடிசைகள் அல்ல அவை.

19-ஆம் நூற்றாண்டிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த மேடுகளில் பலவற்றை வெட்டி, படகில் ஏற்றி, உரமாக விற்றுவிட்டார்கள். நூற்றாண்டுகளின் சாணம் அல்லவா! கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஹேகபேயின்டும் மேடுதான் இருப்பவற்றில் உயரமானது. அதிலும் சுற்றியுள்ள மண் போய், தேவாலயமிருக்கும் பகுதிதான் பெரும்பாலும் மிச்சம்.

ரோமானியர் கண்ட ஃபிரிசீயும் இன்றைய ஃபிரீசியரும் ஒரே மக்களா?

பெரும்பாலும் இல்லை என்பதே தொல்லியல் தரும் விடை. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து கடலோர மேடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. 4-ஆம் நூற்றாண்டில் இன்றைய ஃபிரீஸ்லாந்தின் கரையில் ஆள் நடமாட்டமே ஏறக்குறைய அற்றுப்போனது. வடிகால் கெட்டுப்போனதும், ரோமானிய எல்லை குலைந்ததும், கொள்ளையும் எல்லாம் சேர்ந்து காரணமாகியிருக்கலாம். போனவர்களில் சிலர் ரோமுக்குள்ளேயே போனார்கள். பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் ஃபிரீசியர் படைப்பிரிவு ஒன்று இருந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடைத்த சில பானைகளும் ஃபிரீசியக் கரையின் வார்ப்பாகவே இருக்கின்றன.

5-ஆம் நூற்றாண்டில் மேடுகளில் மறுபடி அடுப்பு புகைகிறது. ஆனால் பானையின் வடிவமும் ஆடை ஊசியின் வேலைப்பாடும் இப்போது வேறு. வட ஜெர்மனி, டென்மார்க் பக்கத்து ஆங்கிலோ-சாக்ஸன் மரபை ஒத்தவை அவை. பிரிட்டனுக்குக் கப்பலேறிய கூட்டத்தாரின் உறவினர்களில் ஒரு பகுதியினர் வழியிலேயே இங்கே தங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாம். எல்லா மேடுகளும் ஒரே நேரத்தில் வெறுமையாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய குடிகள் சில இடங்களில் நீடித்திருக்கக்கூடும்.

ஆள் மாறிவிட்டார்கள் என்றால் பெயர் எப்படித் தப்பியது?

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் சுவையான கேள்வி இது. ஒரு தரப்பு, எஞ்சியிருந்த பழைய குடிகளிடமிருந்து புதியவர்கள் பெயரைக் கேட்டுப் பெற்றார்கள் என்கிறது. மற்றத் தரப்பு, தெற்கே வளர்ந்துவந்த ஃபிராங்கு அரசைக் கைகாட்டுகிறது. லத்தீன் கற்ற அவர்களுடைய பாதிரியார்களுக்கு ரோமானிய நூல்களில் அந்தக் கரையின் பெயர் ஃபிரீசியா. அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ அவர்கள் ஃபிரீசியர், அவ்வளவுதான். பழைய வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றாமல் புதுக் குடித்தனக்காரரை அந்தப் பெயராலேயே தெருவார் கூப்பிடுவதுபோல.

நான் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கிறேன். 6-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதிய புரோகோபியஸ், பிரிட்டன் தீவில் ஆங்கிலர், பிரித்தானியர் ஆகியோரோடு ஃபிரீசியரும் வாழ்வதாகச் சொல்வது உண்மைதான். ஆனால் அதுவும் வெளியாள் ஒருவரின் எழுத்தே. கரையிலிருந்தவர்கள் தங்களைத் தாங்களே அந்தப் பெயரால் சொல்லிக்கொண்டதற்கு எழுத்துச் சான்று வெகு காலம் கழித்துத்தான் வருகிறது. பெயரை வெளியார் வைத்தார்கள். உள்ளிருந்தவர்கள் பிறகு அதைத் தமதாக்கிக்கொண்டு பெருமையும் பட்டார்கள்.

ஃபிரீசியருக்கு அரசர் இருந்தாரா?

7, 8-ஆம் நூற்றாண்டுகளில் இருந்தார்கள். புகழ்பெற்றவர் ரெட்பாட், இறந்தது 719. ஞானஸ்நானத் தொட்டியில் கால் வைக்கும்போது, “என் முன்னோர் எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்டாராம். நரகத்தில் என்று பதில் வர, ஒரு சில ஏழைகளோடு சொர்க்கத்தில் இருப்பதைவிட முன்னோரோடு நரகத்தில் இருப்பேன் என்று காலை எடுத்துவிட்டாராம். இது ஃபிராங்கு மடாலயத்தில் பின்னர் எழுதப்பட்ட துறவியின் வரலாற்றில் வருவது. நடந்ததா என்பது வேறு விஷயம். 734-இல் ஃபிராங்கு ஆட்சியாளர் சார்லஸ் மார்ட்டெல் ஃபிரீசியரைத் தோற்கடித்தார். 754-இல் தொக்கும் என்ற இடத்தில் போனிஃபாஸ் பாதிரியாரை அவர்கள் கொன்றார்கள். பேரரசர் சார்லமேன் காலத்தில் முழுக் கரையும் ஃபிராங்கு ஆட்சிக்குள் வந்தது.

அப்போது தொகுத்த ஃபிரீசியச் சட்டம்தான் நாட்டின் எல்லையைத் தெளிவாகச் சொல்கிறது. தெற்கே இன்றைய பெல்ஜிய எல்லையிலுள்ள ஸ்வின் கழிமுகம் முதல் ஃப்லீ நீர்வழிவரை ஒரு பகுதி, ஃப்லீயிலிருந்து லௌவர்ஸ் ஆறுவரை இரண்டாவது, அங்கிருந்து வேசர் நதிவரை மூன்றாவது. யாழ் வாசிப்பவரின் கையைக் காயப்படுத்தினால் அதே தரத்து மற்றவருக்குக் கொடுப்பதைவிடக் கால் பங்கு கூடுதல் இழப்பீடு என்று அதில் ஒரு விதி இருக்கிறது. பொற்கொல்லருக்கும் அப்படியே. ‘ஃபிரேசும்’ செய்யும் பெண்ணுக்கும் அப்படியே. அது அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய துணிவேலை என்று கருதுகிறார்கள்.

ஃபிரீசிய வணிகர்கள் விற்ற கம்பளி அந்தக் காலத்தில் அவ்வளவு பேர்பெற்றது. நோட்கர் என்ற துறவி ஒரு கதை சொல்கிறார். வணிகர்கள் மேலங்கியின் அளவைக் குறைத்துவிட்டு விலையைக் குறைக்காமல் விற்றார்களாம். சார்லமேனுக்குக் கோபம். படுக்கையில் போர்த்த முடியவில்லை, குதிரையில் மழைக்கு ஆகவில்லை, ஒதுங்கப் போனால் தொடை விறைக்கிறது, இந்தத் துண்டுத்துணி எதற்கு என்று கத்தி, பழைய நீளத்தில்தான் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டாராம்.

மேற்கு ஃபிரீஸ்லாந்து ஏன் ஃபிரீஸ்லாந்துக்கு வெளியே இருக்கிறது?

கடலும் ஹாலந்துப் பிரபுக்களும் செய்த வேலை. 12, 13-ஆம் நூற்றாண்டு வெள்ளங்களில் உள்நாட்டு ஏரி கடலோடு கலந்து ஸாய்டர்ஸே என்ற வளைகுடாவாக விரிந்தது. 1287 டிசம்பரில் வந்த லூசியா வெள்ளம் அவற்றில் கொடியது. ஒரே கரையாக இருந்தது இரண்டாகியது. மேற்கே தனித்து நின்ற துண்டை ஹாலந்துக்காரர்கள் விடவில்லை. 1256-இல் படையெடுத்த ஹாலந்துப் பிரபு வில்லெம், ஹோக்வௌட் அருகே பனிக்கட்டி உடைந்து குதிரையோடு சிக்கிக்கொண்டு, உள்ளூர்க்காரர்கள் கையால் செத்தார். ஆளைத் தெரிந்ததும் பயந்துபோய் உடலை ஒரு வீட்டின் அடுப்படியில் புதைத்து மறைத்தார்கள். மகன் ஃப்ளோரிஸ் 1282-இல் எலும்புகளை மீட்டு, 1289-இல் பகுதியையே பிடித்துவிட்டார்.

இன்று ‘மேற்கு ஃபிரீசிய மொழி’ என்று மொழியியலார் சொல்வது மேற்கு ஃபிரீஸ்லாந்தில் பேசப்படுவதில்லை. அது ஃபிரீஸ்லாந்து மாகாணத்து மொழி. ஜெர்மனியிலிருந்து பார்த்து வைத்த பெயர். மேற்கு ஃபிரீஸ்லாந்தில் பேசுவது டச்சு வட்டார வழக்கு. குழப்பம் உங்களுடையது அல்ல.

கிழக்கு, வட ஃபிரீஸ்லாந்துகளின் கதை?

கிழக்கு ஃபிரீஸ்லாந்து ரோமானியர் காலத்தில் சௌக்கி நாடு. ஃபிரீசியப் பெயர் அங்கே பிறகு பரவியது. பெயர் நிலைத்தது, மொழி போய்விட்டது. இன்று அங்கே பேசுவது தாழ் ஜெர்மன். பழைய மொழி அதற்குத் தெற்கே, சதுப்புகளால் சூழப்பட்டிருந்த சாட்டர்லாந்தில் மட்டும் சுமார் 2,000 பேரிடம் பிழைத்திருக்கிறது.

வட ஃபிரீஸ்லாந்துக்குத் தெற்கிலிருந்து ஃபிரீசியர் கடல் வழியாகவே வந்தார்கள். 8-ஆம் நூற்றாண்டு வாக்கில் தீவுகளுக்கும், 11-ஆம் நூற்றாண்டு வாக்கில் எதிர்க்கரைக்கும். டேனிய வரலாற்றாசிரியர் சாக்ஸோ 1200-ஐ ஒட்டி அதைச் ‘சிறிய ஃபிரீசியா’ என்கிறார். தீவுக்காரர்கள் தங்கள் பேச்சை ஃபிரீசியம் என்று அழைப்பதைவிட ஊர்ப்பெயராலேயே அழைக்கிறார்கள். ஃபோர் தீவில் அது ஃபெரிங், அம்ருமில் ஓம்ராங், ஸில்டில் சோல்ரிங், ஹெல்கோலாந்தில் ஹலுண்டர். 1362 வெள்ளத்தில் ருங்ஹோல்ட் என்ற ஊரே மூழ்கியது. 1634 வெள்ளம் ஸ்ட்ராண்ட் என்ற பெரிய தீவை உடைத்தது. நோர்ட்ஸ்ட்ராண்ட், பெல்வோர்ம் எல்லாம் அதன் மிச்சங்கள்.

‘ஃபிரீசியச் சுதந்திரம்’ என்று சொல்கிறார்களே?

இடைக்காலத்தின் பிற்பகுதியில் ஃபிரீசியப் பகுதிகள் பிரபுக்கள் இல்லாமலேயே தங்களை ஆண்டன. அதற்கு ஆதாரமாக அவர்கள் நீட்டியது சார்லமேன் கொடுத்த சாசனம். அது போலி. இருந்தும் 1417-இல் பேரரசர் சிகிஸ்முண்ட் உரிமையை உறுதிப்படுத்தினார். பகுதிப் பிரதிநிதிகள் அவுரிஹ் அருகே உப்ஸ்டால்ஸ்போம் மேட்டில் கூடினார்கள். 1498-இல் சாக்ஸனிப் பிரபு ஆல்பிரெஹ்ட் ஆள வந்ததோடு ஃபிரீஸ்லாந்தில் அது முடிந்தது.

சாசனத்தைவிடக் கடல் அணைதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். 1000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய கரைகட்டும் வேலையில் ஒவ்வொரு நிலக்காரருக்கும் ஒரு பங்கு. தன் பங்கைப் பேண முடியாதவர் கரையில் மண்வெட்டியைக் குத்திவிட்டுப் போய்விட வேண்டும். அதைப் பிடுங்குபவருக்கு நிலமும் கரையும் சேரும். ‘கரை கட்டாதவன் ஊரை விட்டுப் போ’ என்பது இன்றும் வழங்கும் பழமொழி.

ஃபிரீசியர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று படித்தேன். உண்மையா?

இல்லை. ஆனால் கதை உண்மையிலேயே இருக்கிறது. ஃபிரிசோ, சாக்ஸோ, புரூனோ என்று மூன்று சகோதரர்கள் இந்தியாவில் பிறந்து, அலெக்சாந்தரின் படையில் பணியாற்றி, அவர் இறந்தபின் கடலேறி வடக்கே வந்ததாகவும், ஃபிரிசோ கி.மு. 313-இல் ஸ்டாவரன் நகரை நிறுவியதாகவும் 16-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் எழுதினார்கள். ரோமுக்கு மூதாதையாக ட்ராய் வீரன் ஈனியாஸ் என்றால் எங்களுக்கு மட்டும் ஆள் இல்லையா என்ற போட்டி அது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒவ்வொரு வட்டாரமும் இப்படி ஒரு மூதாதையைத் தேடிக்கொண்டிருந்தது.

‘ஊரா லிண்டா’ சுவடி?

போலி. 1867-இல் டென் ஹெல்டர் கப்பல்தளத்தில் பணிபுரிந்த ஒருவரின் குடும்பச் சொத்தாக வெளிப்பட்டது. கி.மு. 2194-இல் மூழ்கிய அட்லாண்ட் என்ற நிலம் பற்றியும், ஃபிரீசியரே நாகரிகத்தின் தாய் என்பது பற்றியும் பேசும். காகிதம் 19-ஆம் நூற்றாண்டு இயந்திரக் காகிதம். மதவாதிகளைக் கேலி செய்ய எழுதப்பட்டது என்பது இன்று வலுவான கருத்து. 1930-களில் நாஜித் தலைவர் ஹிம்லர் அதில் மயங்கினார்.

ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய மொழி ஃபிரீசியமா?

வம்சாவளிப்படி, ஸ்காட்ஸ் மொழியை ஒதுக்கிவிட்டால், ஆம். வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி என்பதை ஃபிரீசியத்தில் ‘பூட்டர், ப்ரேய என் க்ரீனெ சீஸ்’ என்பார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் காதுக்கு உடனே பிடிபடும். 16-ஆம் நூற்றாண்டுக் கிளர்ச்சிக்காரர் பியர் கெர்லோஃப்ஸ் டோனியா, இதைச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் உண்மையான ஃபிரீசியன் அல்ல என்று ஆட்களைச் சோதித்ததாக மரபுக்கதை. இருந்தாலும் இன்றைய ஃபிரீசியம் டச்சோடு நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது. ஆங்கிலேயர் ஒருவர் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

ஃபிரீஸ்லாந்தா, ஃப்ரிஸ்லானா?

முன்னது டச்சு, பின்னது ஃபிரீசியம். 1997 முதல் மாகாணத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ஃபிரீசிய வடிவமே. தமிழில் முன்னதை எழுதினாலும் பிழையில்லை.

கொடியில் இருப்பவை இதயங்களா?

அல்லி இலைகள். ஏழு இலைகள் பழைய ஏழு கடலோர நாடுகளுக்கு என்பார்கள்.

நம் ஊர் எச்.எஃப். கலப்பினப் பசுவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. எச்.எஃப். என்பது ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன். ஃபிரீஸ்லாந்து, வட ஹாலந்து மேய்ச்சல் நிலங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கறுப்பு-வெள்ளை மாட்டை அங்கே ஒரு சங்கம் ஹோல்ஸ்டீன் என்றது, இன்னொரு சங்கம் டச்சு ஃபிரீசியன் என்றது. 1885-இல் இரண்டும் இணைந்தபோது இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. அமெரிக்கச் சங்கம் பின்னாளில் ஃபிரீசியனைக் கைவிட்டுவிட்டது. தமிழ்நாட்டுப் பால் பண்ணைகளில் அந்த ‘எஃப்’ இன்னும் விழவில்லை. லீவார்டனில் இந்தப் பசுவுக்கு 1954-இல் வெண்கலச் சிலை வைத்து ‘எங்கள் அம்மா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள்.